முகமே அளவுகோல்

படத் திருத்த மென்பொருள் எதுவாக இருந்தாலும், அதில் ஓர் உருவத்தைத் தேர்வு செய்ததும் அதைச் சுற்றி ஒரு பெட்டி தோன்றும். பெட்டியின் மூலைகளில் சிறிய சதுரங்கள். மூலையைப் பிடித்து இழுத்தால் உருவம் பெரிதாகும். உள்ளே தள்ளினால் சிறிதாகும். பக்கவாட்டுச் சதுரத்தைப் பிடித்தால் அகலம் மட்டும் மாறும், மேலே இருப்பதைப் பிடித்தால் உயரம் மட்டும். கணினியில் படம் திருத்தக் கற்கும் எவரும் முதல் நாளே படிக்கும் பாடம் இது.

ஆனால் பரமக்குடியிலோ ராமநாதபுரத்திலோ ஒரு ஃப்ளெக்ஸ் கடையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். வருகிறவர்கள் கேட்பது இதை இல்லை. மொத்தப் படம் பத்துக்கு எட்டு அடி என்றால் அந்தப் பேச்சு அதோடு முடிந்துவிடும். பிறகுதான் உண்மையான பேச்சு தொடங்கும். "ஆளு குட்டையாத் தெரியுறாருண்ணே, கொஞ்சம் ஒசரமாக்குங்க." "தோளு பத்தல." "சாமிக்குக் காலு சின்னதா இருக்குல்ல?" இவற்றுக்கு மூலைச் சதுரத்தில் பதில் கிடையாது. மேல்சதுரத்தை இழுத்து உயரமாக்கினால் முகமும் சேர்ந்து சுரைக்காய் மாதிரி நீளும். வந்தவர் அதைப் பார்த்துவிட்டு, "ஆளு மாறிப்போச்சே" என்பார். அவர் சொல்வது சரி.

உருவத்தின் அளவு ஒன்று, உருவத்துக்குள் இருக்கும் அளவுகள் வேறொன்று. இந்தக் கட்டுரை இரண்டாவதைப் பற்றியது. நான் மென்பொருள் எழுதிப் பிழைப்பவன், சொந்த ஊர் நயினார்கோவில். உடம்பின் அளவுகளைத் திருத்தும் கருவிகள் எங்கிருந்து வந்தன என்று பின்னோக்கிப் போனால், அந்த வழி ஃபோட்டோஷாப் வெளிவந்த 1990-இல் நிற்கவில்லை. அது எங்கள் மாவட்டத்து அரண்மனைச் சுவர் வழியாகவும் சுவாமிமலைப் பட்டறை வழியாகவும் போகிறது.

பெருக்கலும் குழந்தையும்

மூலைச் சதுரம் செய்வது ஒரு பெருக்கல். படத்தின் ஒவ்வொரு புள்ளியையும் ஒரே எண்ணால் பெருக்குகிறது. கணினிக்கு முன்பே இதற்குக் கருவி இருந்தது. 1603-இல் கிறிஸ்டோஃப் ஷைனர் என்ற ஜெர்மானியப் பாதிரியார் நான்கு சட்டங்களை இணைத்து ஒரு கருவி செய்தார். பேண்டோகிராஃப் என்று பெயர். ஒரு முனையால் படத்தின் கோட்டைத் தடவினால், மறுமுனையில் உள்ள பென்சில் அதையே பெரிதாக வரையும். நம் ஊர் சினிமா பேனர் ஓவியர்கள் இதே வேலையைக் கட்டம் போட்டுச் செய்தார்கள். சின்னப் படத்தில் சின்னக் கட்டம், பெரிய துணியில் பெரிய கட்டம், கட்டத்துக்குக் கட்டம் பார்த்து வரைவது.

பெருக்கலுக்கு உடம்பு என்றால் என்னவென்று தெரியாது. இதைப் புரிந்துகொள்ள எளிய வழி: நன்றாக வரைந்த ஒரு முழு ஆளைப் பாதியாகச் சுருக்கி, "இது பத்து வயதுப் பையன்" என்று சொல்லிப் பாருங்கள். யாரும் நம்ப மாட்டார்கள். தூரத்தில் நிற்கும் பெரிய ஆள் என்றே நினைப்பார்கள். பிறந்த குழந்தையின் தலை அதன் மொத்த நீளத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு. வளர்ந்தவரின் தலை ஏழரையில் ஒரு பங்கு. நாம் வளரும்போது தலை கொஞ்சம்தான் வளர்கிறது, கால் நிறைய வளர்கிறது. உடம்பின் ஒவ்வொரு பகுதிக்கும் தனித்தனிப் பெருக்கல் எண்.

திருஞானசம்பந்தரைக் குழந்தையாகக் காட்டும் சோழர் காலச் செப்புத் திருமேனிகளைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். பெரிய தலை, குட்டைக் கால், சின்னத் தொந்தி. அளவில் எவ்வளவு பெரிதாக வார்த்தாலும் அது குழந்தைதான். அதை வார்த்தவர்கள் பெரிய ஆளைச் சுருக்கவில்லை. குழந்தைக்கு என்று வேறொரு கணக்கு வைத்திருந்தார்கள்.

தன்னையே அளக்கும் ஓலை

அந்தக் கணக்கின் பெயர் தாலம். தாலம் என்றால் உள்ளங்கை. கையின் நீளமும் முகத்தின் நீளமும் ஒன்று என்பது இந்த முறையின் அடிப்படை. உங்கள் கையை விரித்து, மணிக்கட்டை மோவாயில் வைத்துப் பாருங்கள், நடுவிரல் ஏறக்குறைய நெற்றி மேட்டைத் தொடும். இந்த ஒரு முகத்தைப் பன்னிரண்டாகப் பிரித்தால் ஓர் அங்குலம். அங்குலத்தை எட்டாகப் பிரித்தால் ஒரு யவம், அதாவது ஒரு வாற்கோதுமை மணி.

ஒன்பது முகம் உயரமுள்ள உருவம் நவதாலம், 108 அங்குலம். கணக்கு இப்படிப் போகும்: உச்சி 3, முகம் 12, கழுத்து 3, கழுத்தடியிலிருந்து மார்பு 12, மார்பிலிருந்து தொப்புள் 12, தொப்புளிலிருந்து குறி 12, தொடை 24, முட்டி 3, முழங்கால் 24, பாதம் 3. கூட்டினால் 108. பெருந்தெய்வங்களுக்கு உத்தம தசதாலம், 124 அங்குலம். உச்சியிலிருந்து கழுத்தடி வரை 21½, பிறகு மூன்று பகுதிகள் தலா 13½, தொடை 27, முட்டி 4, முழங்கால் 27, பாதம் 4. இதில் ஓர் அழகு உண்டு. இடுப்புக்கு மேலே 62, கீழே 62. உடம்பு சரிபாதி. பிள்ளையாருக்குப் பஞ்சதாலம். அவர் உடம்பைப் பெருமாளின் அளவில் செய்தால் யானைத் தலை வைத்த வேறு யாரோ ஆகிவிடுவார். டி. ஏ. கோபிநாத ராவ் தாலமானத்தைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதிய நூலை இந்தியத் தொல்லியல் துறை 1920-இல் வெளியிட்டது. கோடு போட்ட படங்களோடு இந்தக் கணக்குகளை அதில் பார்க்கலாம்.

ஒரு மென்பொருள்காரனாக எனக்கு இதில் முக்கியமாகப் படுவது எண்கள் இல்லை, அலகு. இந்த அங்குலம் அடிக்கோலில் இருக்கும் அங்குலம் கிடையாது. எட்டு யவம் கொண்ட மானாங்குலம் என்று ஒன்றும், செய்பவர் அல்லது செய்விப்பவரின் விரலை வைத்து மாத்திராங்குலம் என்று ஒன்றும் இருந்தாலும், உருவத்தின் உள் அளவுகளுக்குப் பயன்படுவது தேகலப்தாங்குலம். செய்யப்போகும் உருவத்தின் மொத்த உயரத்தை 124-ஆல் வகுத்தால் கிடைப்பது. உருவம் ஓரடி என்றால் அங்குலம் சின்னது, பத்தடி என்றால் பெரியது. இணையப் பக்கம் வடிவமைப்பவர்கள் எழுத்தின் அளவை நிலையான புள்ளிகளில் கொடுக்காமல், சுற்றியுள்ள எழுத்தின் அளவுக்கு இத்தனை மடங்கு என்று கொடுப்பார்கள். திரை மாறினாலும் பொருத்தம் மாறாமல் இருக்க அதுதான் வழி. இங்கும் அதே யோசனைதான்.

சுவாமிமலை ஸ்தபதிகள் இதைக் காகிதமே இல்லாமல் செய்கிறார்கள். தென்னை ஓலையைக் கீறி, செய்யவேண்டிய உருவத்தின் உயரத்துக்கு நறுக்கிக்கொள்வார்கள். பிறகு அதைக் கணக்குப்படி மடிப்பார்கள். மடிப்பு விழுந்த இடங்கள் முகம், கழுத்து, மார்பு, தொப்புள் என்று அளவு சொல்லும். இதற்கு ஒடியோலை என்று பெயர். சிலை சிறிதென்றால் ஓலை சிறிது. விகிதம் மட்டும் அப்படியே. சதவீதம் என்பதை ஓலையில் மடித்து வைத்திருக்கிறார்கள்.

எல்லாருக்கும் ஒரே விகிதம்தானா என்றால், அன்றே அதில் சண்டை இருந்தது. 6-ஆம் நூற்றாண்டு வராகமிகிரர் தம் பிருகத் சம்ஹிதையில் முகம் 12 அங்குல நீளம், 12 அங்குல அகலம் என்று சொல்லிவிட்டு, நக்னஜித் என்பவர் 14 அங்குல நீளம் என்கிறார், அது திராவிட அளவு என்று ஒரு வரியில் குறித்து வைத்திருக்கிறார். அந்த நக்னஜித்தின் பெயரில் வழங்கும் சித்திரலட்சணம் திபெத்திய மொழியில்தான் பிழைத்துக் கிடந்தது. பெர்த்தோல்ட் லாவ்ஃபர் அதை 1913-இல் ஜெர்மன் மொழிபெயர்ப்போடு பதிப்பித்தார். ஆக ஆயிரத்து ஐந்நூறு வருடங்களுக்கு முன்பே, "உங்க ஊர்ல மொகம் நீளமாப் போடுவீங்க, எங்க ஊர்ல அப்படி இல்ல" என்ற பேச்சு ஓடியிருக்கிறது.

விஷ்ணுதர்மோத்தரத்தின் சித்திரசூத்திரம் இன்னும் ஒரு படி போகிறது. ஆண்களில் ஐந்து வகை என்கிறது: ஹம்சன் 108 அங்குலம், பத்ரன் 106, மாளவ்யன் 104, ருசகன் 100, சசகன் 90. திரும்பி நிற்கும்போதும் சாய்ந்து நிற்கும்போதும் எந்தப் பகுதி குறையும், எது கூடும் என்பதற்கு க்ஷயவிருத்தி என்று ஒரு சொல்லும் வைத்திருக்கிறது. குறைத்தலும் கூட்டலும். படத் திருத்தக் கருவி ஒன்றுக்குத் தமிழில் பெயர் வைக்கச் சொன்னால் நான் இதைத்தான் வைப்பேன்.

அரண்மனைச் சுவரில்

சாத்திரத்தில் இருப்பது ஒன்று, ஓவியர் சுவர் முன் நிற்கும்போது நடப்பது ஒன்று. ராமநாதபுரம் அரண்மனையில் இருக்கும் ராமலிங்க விலாசம் இதைப் பார்க்க நல்ல இடம். கிழவன் சேதுபதி காலத்தில் எழுந்த கட்டடம். ஓவியங்கள் 1710 முதல் 1725 வரை ஆண்ட முத்து விஜய ரகுநாத சேதுபதியின் காலத்தவை என்று கருதப்படுகின்றன. ராமாயணம், பாகவதம், தஞ்சை மராத்தியரோடு நடந்த போர், ஐரோப்பியர்கள் அரசரைச் சந்திக்கும் காட்சி, ராஜராஜேஸ்வரி அம்மன் சேதுபதிக்குச் செங்கோல் கொடுக்கும் காட்சி, அந்தப்புரம் என்று சுவரும் விதானமும் நிரம்பியிருக்கும்.

பள்ளிக்கூடத்தில் கூட்டிக்கொண்டு போனபோது நாங்கள் பார்த்தது யானையையும் பீரங்கியையும்தான். மென்பொருள் வேலைக்கு வந்த பிறகு போனபோது கண்ணில் பட்டது வேறு. அரசர் இருக்கும் காட்சிகளில் அவர் பெரியவர். பக்கத்தில் நிற்கும் பணியாளர்கள் சிறியவர்கள். தூரத்தால் வந்த சிறுமை இல்லை அது. எல்லாரும் ஒரே தரையில்தான் நிற்கிறார்கள். அரசருக்கு ஓர் அளவு, சாமரம் பிடிப்பவருக்கு ஓர் அளவு. உருவத்துக்குள் இருக்கும் விகிதத்தைச் சாத்திரம் சொல்லும். பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் இரண்டு உருவங்களில் யார் எவ்வளவு உயரம் என்பதை அரண்மனை சொல்லும்.

இது நம் ஊருக்கு மட்டும் உரியது இல்லை. எகிப்தியர்கள் நிற்கும் உருவத்தைப் பாதத்திலிருந்து நெற்றி முடி வரை 18 கட்டங்களில் வரைந்தார்கள். பாரோ பெரிய கட்டத்தில், வேலைக்காரர் சின்னக் கட்டத்தில். ஆனால் இன்றைய ஃப்ளெக்ஸ் பேனரைப் பார்க்கும் தமிழருக்கு எகிப்து வரை போகத் தேவையில்லை. தலைவர் முழு உயரம், மாவட்டம் முக்கால், ஒன்றியம் அரை, கீழே வட்டத்துக்குள் வெறும் முகங்களாகக் கிளைக் கழகத்தார். கடைக்காரர் எவரும் ராமலிங்க விலாசத்தைப் பார்த்து இதைக் கற்றிருக்க மாட்டார். கேட்பவர்கள் கேட்கும் விதத்திலேயே அந்தக் கணக்கு இருக்கிறது. "அவரு என்னைய விடப் பெருசா இருக்கணும், ஆனா ரொம்பப் பெருசா வேணாம்."

இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு பெரிய மாற்றம் நடந்தது. ரவி வர்மா (1848–1906) தெய்வங்களை மனித உடம்புகளில் வரைந்தார். 1894-இல் பம்பாயில் அவர் தொடங்கிய அச்சகம் அந்த உடம்புகளை வீடுவீடாகக் கொண்டுபோனது. நம் பக்கத்தில் அதைத் தொடர்ந்தவர் கோவில்பட்டி கொண்டைய ராஜு (1898–1976). சென்னை ஓவியப் பள்ளியில் படித்தவர். நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை வரையும் வேலையாகக் கோவில்பட்டிக்கு வந்து அங்கேயே தங்கிவிட்டார். அவரும் டி. எஸ். சுப்பையா, மு. ராமலிங்கம் போன்ற அவரது மாணவர்களும் வரைந்த படங்கள் சிவகாசியில் அச்சாகிக் காலண்டர்களாகத் தென்தமிழகமெங்கும் தொங்கின. வெட்டிய புகைப்படத்தின் மேல் வண்ணம் தீட்டுவதும், தலையை மட்டும் வைத்துக்கொண்டு உடம்பு வரைவதும் அந்தக் காலத்து ஸ்டூடியோக்களில் சாதாரண வேலை. எங்கள் தலைமுறைக்கு முருகன் என்றால், மீனாட்சி என்றால், மனதில் வரும் உடம்பு கோவில்பட்டியில் வரைந்த உடம்புதான். வட்டமான தோள், கொழுத்த கன்னம், எலும்பே தெரியாத கை. செத்துப்போனவர்களின் படங்களுக்கும் அந்த உடம்பையே போட்டார்கள்.

ரப்பர் கட்டம்

மேற்கில் இதே கேள்வியை வேறு வழியில் எடுத்தவர் ஆல்பிரெக்ட் டியூரர். 1528-இல் அவர் இறந்து சில மாதங்களில் மனித உடலின் அளவுகளைப் பற்றிய நான்கு புத்தகங்கள் நியூரம்பெர்க்கில் வெளிவந்தன. ஒரே லட்சிய உடம்பைத் தேடிப் புறப்பட்டவர், பருத்தவர், மெலிந்தவர், உயர்ந்தவர், குட்டை என்று பல உடம்புகளை அளந்து முடித்தார். மூன்றாவது புத்தகத்தில் ஒரு தந்திரம் இருக்கிறது. ஒரு முகத்தின் மேல் கட்டம் போடுகிறார். பிறகு கட்டக் கோடுகளைச் சாய்க்கிறார், நெருக்குகிறார், விரிக்கிறார். ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் இருந்தது அந்தந்தக் கட்டத்திலேயே இருக்கும்படி மறுபடி வரைந்தால் புது முகம் வருகிறது. மூக்குக்கு அடுத்து உதடு, உதட்டுக்கு அடுத்து மோவாய் என்ற அக்கம்பக்கம் மாறாது. இடைவெளி மட்டும் மாறும்.

ஏறத்தாழ நானூறு வருடம் கழித்து டார்சி தாம்சன் என்ற ஸ்காட்லாந்து உயிரியலாளர், 1917-இல் வெளியிட்ட புத்தகத்தின் கடைசிப் பகுதியில், டியூரரை நினைவுகூர்ந்தபடி இதையே மீன்களுக்குச் செய்தார். முள் நிறைந்த பேத்தை மீனின் மேல் நேர்க்கட்டம் போட்டு, அந்தக் கட்டத்தை வால் பக்கம் விரித்தால், வட்டமான சூரியமீனின் உருவம் கிடைக்கிறது.

2000-இல் ஃபோட்டோஷாப் ஆறாம் பதிப்பில் லிக்விஃபை வந்தபோது கட்டம் கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே போனது. தூரிகையால் தள்ளினால் படம் மாவு மாதிரி நகரும். உண்மையில் நகர்வது அடியில் இருக்கும் கட்டம்தான். ஃப்ளெக்ஸ் கடைகளில் தோள் அகலமானதும் தொப்பை குறைந்ததும் இதற்குப் பிறகுதான்.

ஆனால் மாவுக்கு எலும்பு இல்லை. கையை லிக்விஃபையில் தள்ளினால் முழங்கை எங்கே என்றே தெரியாமல் வளையும். 2005-இல் தகேயோ இகராஷியும் அவரது கூட்டாளிகளும் ஓர் ஆய்வுக் கட்டுரையில் வேறு வழி சொன்னார்கள். உருவத்தைச் சின்னச் சின்ன முக்கோணங்களாகப் பிரித்துக்கொள்வது. சில இடங்களில் ஊசி குத்துவது. ஒரு ஊசியை நகர்த்தினால், ஒவ்வொரு முக்கோணமும் தன் வடிவத்தை முடிந்தவரை விட்டுக்கொடுக்காமல் சுழன்று இடம்கொடுக்கும்படி கணக்குப் போடுவது. 2010-இல் ஃபோட்டோஷாப்பில் வந்த பப்பெட் வார்ப் இதே யோசனையைச் சேர்ந்தது. பொம்மலாட்டப் பொம்மை மாதிரி மூட்டில் ஊசி. காசு கொடுக்க முடியாதவர்களுக்கு, 2012-இல் வந்த கிம்ப் 2.8-இல் கூண்டு போட்டு மாற்றும் கருவி கிடைத்தது.

நடுவே இன்னொரு பாதையும் இருந்தது. 2007-இல் ஷாய் அவிடானும் ஏரியல் ஷமீரும், படத்தில் முக்கியமில்லாத இடங்களாகப் பார்த்து மெல்லிய இழைகளை உருவி எடுத்து அகலத்தைக் குறைக்கும் முறையை வெளியிட்டார்கள். அடுத்த ஆண்டே அது ஃபோட்டோஷாப்பில் இடம்பெற்றது. முக்கியம் எது என்று கணினி எப்படி முடிவெடுக்கும்? மாற்றம் குறைவான இடம், அதாவது வானம், வெறும் சுவர், முக்கியமில்லாதது. மனிதர்கள் நசுங்காமல் இருக்க, தோல் நிறத்தைப் பாதுகாக்கும் ஒரு பொத்தானும் வைத்தார்கள். பச்சை மீனாட்சிக்கும் நீலக் கண்ணனுக்கும் அந்தப் பொத்தான் எவ்வளவு உதவும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இப்படி வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒன்று புரிகிறது. ஒவ்வொரு முறையும் எதை மாற்றலாம் என்பதில் தாராளமாக இருக்கிறது. எதை மாற்றக்கூடாது என்பதில்தான் ஒன்றுக்கொன்று வேறுபடுகிறது. மூலைச் சதுரம் எல்லா விகிதத்தையும் பிடித்துக்கொள்கிறது. ஒடியோலை முகத்தைப் பிடித்துக்கொள்கிறது. டியூரரின் கட்டம் அக்கம்பக்கத்தைப் பிடித்துக்கொள்கிறது. பப்பெட் வார்ப்பில் மட்டும் அந்தப் பொறுப்பு நம்மிடம் வருகிறது. ஊசியை எங்கே குத்துவது என்று அது நம்மைக் கேட்கிறது.

ஐயாவின் கால்

இந்தக் கேள்வி எனக்கு ஏட்டளவில் நின்றுவிடவில்லை. எங்கள் ஐயா, அதாவது அப்பாவின் அப்பா, பனையேறி. அவர் இறந்த இருபத்தைந்தாம் வருடத்துக்குப் படம் வைக்க வேண்டும் என்று சித்தப்பா சொன்னார். வீட்டில் இருந்தது ஒரு வண்ண ஓவியம். அடையாள அட்டைப் படத்தை வைத்து யாரோ ஓர் ஓவியர் தொண்ணூறுகளில் வரைந்தது. வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, கைப்பிடி போட்ட நாற்காலியில் ஒரு கை வைத்து நிற்கிறார். அதைச் செல்பேசியில் எடுத்துப் பெரிதாக்கித் திரையில் போட்டபோது, அப்பத்தா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சொன்னது: "மொகம் அவுகதான். ஒடம்பு யாருதுன்னு தெரியலையே."

எனக்கு அவர் உடம்பு மங்கலாகத்தான் ஞாபகம். அதனால் அளந்து பார்த்தேன். படத்தில் இருப்பவர் முகத்தின் நீளத்தைப் போல் பத்து மடங்கு உயரம். தசதாலம்! ஓவியர் தெரிந்து செய்தாரோ, காலண்டர் பார்த்துப் பழகிய கை தானாகச் செய்ததோ, எங்கள் ஐயாவைப் பெருந்தெய்வத்தின் அளவில் நிறுத்தியிருந்தார். அப்பத்தா பக்கத்தில் உட்கார்ந்து சொல்லச் சொல்லத் திருத்தினேன். "காலு இம்புட்டு நீளம் கெடையாது. வில்லு மாதிரி வெளிய வளைஞ்சிருக்கும். மரத்தக் கட்டிப் புடிச்சுப் புடிச்சு அப்படி ஆயிப்போச்சு." "நெஞ்சு அகலம். கை நீளம்." "கழுத்து இப்புடி ஒசரமா இருக்காது, தோளுக்குள்ள பொதைஞ்சிருக்கும்."

வரைந்த படத்தைத் திருத்துவதில் புகைப்படத்தில் இல்லாத ஒரு சங்கடம் உண்டு. கோடு. காலைச் சுருக்கினால் வெளிக்கோடும் சேர்ந்து மெலியும், தோளை விரித்தால் தடிக்கும். தூரிகைத் தடமும் நெளிந்து காட்டிக்கொடுக்கும். அதனால் துண்டுதுண்டாகத்தான் செய்ய வேண்டும். தலை, உடல், கைகள், வேட்டி, பாதம் எல்லாம் தனித்தனி அடுக்கு. வெட்டு விழும் இடம் துணிக்கு அடியில் வரும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். இடுப்பு மடிப்பு, துண்டின் ஓரம். முழங்காலைக் குட்டையாக்கும்போது பாதத்தைச் சேர்த்துச் சுருக்கக் கூடாது. கையை நீட்டினாலும் உள்ளங்கை முகத்தின் நீளத்தைத் தாண்டக் கூடாது. கடைசியில் எல்லா வெளிக்கோட்டையும் ஒரே தடிமனில் மேலே வரைந்துகொள்ள வேண்டும். ஊசி குத்தியது முகத்திலும் கைகளிலும் பாதங்களிலும். மற்றதெல்லாம் நகர்ந்தன. முடித்தபோது உயரம் எட்டு முகத்துக்குக் கொஞ்சம் மேல்.

சித்தப்பா பார்த்தார். அவருக்குப் பிடிக்கவில்லை. "வாசல்ல வைக்கிற படம்டா. ஊரு பாக்கும்ல. ராசா மாதிரி இருக்கட்டும், பழசையே போட்ரு" என்றார்.

அப்பத்தா விடவில்லை. "ராசாவா இருந்திருந்தா மரத்துல எதுக்குய்யா ஏறுனாக?"

சித்தப்பாவின் வாதத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. பனையேறி என்பதாலேயே சாமரம் பிடிப்பவரின் அளவில் ஆயுள் முழுவதும் நிறுத்தப்பட்டவருக்கு, செத்த பிறகாவது பத்து முகம் கொடுத்தால் என்ன? நூறு வருடமாக எங்கள் பக்கத்து ஏழை வீடுகளின் சுவரில் தொங்கும் படங்கள் செய்தது அதைத்தான். சேதுபதியின் ஓவியர் கொடுக்காத உயரத்தைக் கோவில்பட்டிப் பாணி கொடுத்தது. அப்பத்தாவின் வாதமும் சரிதான். அந்த வளைந்த கால்தான் அப்பா படித்ததற்கும் நான் கணினி முன் உட்கார்ந்திருப்பதற்கும் காரணம். அதை நிமிர்த்திவிட்டால் அந்தக் கால் ஏறிய மரங்களையும் சேர்த்து அழித்தது போலாகும். இரண்டையும் அச்சடித்தோம். வாசலில் தசதாலம், அப்பத்தாவின் அறையில் எட்டு முகம்.

யாருடைய ஊசி

விளம்பரப் புகைப்படத்தில் மாடலின் உடம்பை ஒல்லியாகவோ பருமனாகவோ திருத்தினால் அதைக் குறிப்பிட வேண்டும் என்ற விதி பிரான்சில் 2017 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. நார்வே 2022 ஜூலையில் அதேபோல் ஒரு விதி கொண்டுவந்தது. புகைப்படம் உண்மை சொல்லும் என்று நாம் நம்புவதால் அந்த விதி. வரைந்த படத்துக்கு அப்படி எந்தச் சீட்டும் ஒட்டுவதில்லை. வரைந்தது என்றாலே யாரோ முடிவெடுத்தது என்று தெரியும் அல்லவா?

தெரியுமா என்பதுதான் இப்போது கேள்வி. இன்று ஒரு வரி எழுதினால் படம் வரைந்து தரும் மென்பொருள்கள் கடைகளுக்கு வந்துவிட்டன. முகத்தைக் கொடுத்தால் உடம்பைத் தானே போடும். அந்த உடம்பு, அதற்குக் காட்டப்பட்ட கோடிக்கணக்கான படங்களின் பழக்கத்திலிருந்து வருகிறது. அந்தப் பழக்கத்துக்கும் ஒரு தாலம் இருக்கிறது. அதை யாரும் எழுதி வைக்கவில்லை என்பதால் மடித்துப் பார்க்க ஓலையும் இல்லை. சாத்திரத்தில் 108 என்று எழுதியிருந்ததால்தான் வராகமிகிரர் 14 அங்குலம் என்பவரைக் குறிப்பிட முடிந்தது, சித்திரசூத்திரம் 90 அங்குலக்காரருக்கும் ஒரு பெயர் வைக்க முடிந்தது.

எங்கள் ஊர் நாகநாதர் கோயிலில் மூலவர் லிங்கம். இந்துக்களும் முஸ்லிம்களும் வந்து கும்பிடும் இடம். மனிதர் செய்து நிறுவும் லிங்கத்துக்குக் கருவறையின் அகலத்தை வைத்து உயரம், அதற்குள் மூன்று பாகங்கள் என்று ஆகமங்களில் நுணுக்கமான கணக்கு உண்டு. ஆனால் தானாகத் தோன்றியது என்று கருதப்படும் சுயம்பு லிங்கத்துக்கு அந்த அளவு விதிகள் பொருந்தாது என்றும் அதே ஆகமங்கள் சொல்கின்றன. அது எப்படி இருக்கிறதோ அப்படித்தான். இவ்வளவு அளந்தவர்கள், அளக்கக்கூடாத ஒன்றுக்கும் நூலில் இடம் விட்டிருக்கிறார்கள்.

ஃப்ளெக்ஸ் கடையில் அடுத்த முறை யாராவது, "ஆள கொஞ்சம் ஒசரமாக்குங்க" என்றால் தாராளமாக ஆக்கலாம். அதற்குக் கருவி இருக்கிறது. அதற்கு முன்னால், இவரிடத்தில் எதைத் தொடக்கூடாது என்று கூட வந்திருக்கும் அப்பத்தாவிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது.